கொள்ளை நோயும் கல்விச்சாலையும்

நம் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில், ஏழை மாணாக்கர்க்கு உபகாரச் சம்பளம் வழங்குவது பற்றிய ஆலோசனை நிகழ்ந்துகொண்டிருந்தபோது, முதியவர் ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். "கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடத்தை மூடு என்றார்கள், திற என்றார்கள், மறுபடியும் மூடு என்றார்கள். இப்படி மாதத்துக்கு ஒன்றாய் மாறிய விதிகளை நம்பிப் பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்துக்கொண்டது நம்முடைய பேதைமை அல்லவா?" என்பது அவர் வினா. அவையிற் பலர் தலையசைத்தனர். ஆசிரியத் தொழிலினராகிய எம்மை நோக்கிச் சிலர் விடை எதிர்பார்த்தனர். அப்பொழுது தக்க விடை எம் வாயில் எழவில்லை. வீடு சென்று, பழைய வரலாறுகளைத் தேடிப் படித்து, ஆற அமர எண்ணியதன் பயனே இக்கட்டுரை.

எம் முடிபினை முன்னரே கூறிவிடுகின்றோம். விதி மாறியது குற்றமன்று. நோயைப் பற்றிய அறிவு வளரும்போது விதியும் மாறுதல் இயல்பே. ஆயின், ஒரு விதி பிறக்குங்கால் அதனைத் தாங்கும் வளமும் உடன்பிறத்தல் வேண்டும். பிறவாதாயின் அவ்விதியின் பாரம் முழுவதும் ஏழைக் குழந்தையின் தலையிலேயே விழும். இவ்வுண்மையை நாட்டு வரலாறும் பிறநாட்டு வரலாறும் ஒருங்கே காட்டுகின்றன. இதில் நம் சங்கத்துக்கும் ஒரு பங்கு உண்டென்பதைக் கட்டுரையின் பிற்பகுதியிற் கூறுவோம்.

முதற்கண் அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரத்தை நோக்குவோம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரத்துப் பள்ளிகளுக்கு மருத்துவர் சென்று குழந்தைகளைச் சோதித்து வந்தனர். கண்ணோய், சொறிசிரங்கு, படர்தாமரை, தலைப்பேன் முதலிய ஒட்டுநோய்களில் ஒன்று காணப்படினும் அக்குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிடுதல் விதியாயிருந்தது. பிற குழந்தைகளைக் காக்கும் நோக்கத்தால் எழுந்ததாகலின், அவ்விதி நல்விதியே. ஆயின் நிகழ்ந்தது யாது? வீட்டுக்கு அனுப்பப்பெற்ற குழந்தைக்கு மருந்திடுவார் இல்லை; தாய் தந்தையர் தொழிற்சாலைக்குச் சென்றுவிடுவர்; குழந்தை தெருவில் திரியும்; மாலையில், பள்ளி விட்டு வந்த அதே தோழர்களோடு கூடி விளையாடும். நோயும் நின்றபாடில்லை, கல்வியோ நின்றுவிட்டது.

1902-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் லீனா ராஜர்ஸ் என்னும் செவிலியம்மையார் நான்கு பள்ளிகளில் சோதனையாகப் பணியமர்த்தப்பெற்றார். சிறு நோய்களுக்கு அவர் பள்ளியிலேயே மருந்திட்டார். பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்று, துணியை எவ்வாறு துவைத்தல் வேண்டும், கண்ணை எவ்வாறு கழுவுதல் வேண்டும் என்று அன்னையர்க்குக் கற்பித்தார். சோதனை ஒரு திங்களிலேயே பயன் தரவே, நகராட்சி மேலும் பல செவிலியரை அமர்த்திற்று. 1902 செப்டம்பரில் 10,567 குழந்தைகள் பள்ளியினின்று விலக்கப்பட்டிருந்தனர். அடுத்த ஆண்டு செப்டம்பரில் விலக்கப்பட்டோர் 1,101 பேரே. குழந்தையை வெளியேற்றியது விதி. அதே குழந்தையைத் திரும்பக் கொணர்ந்தது வளம். இவ்வேறுபாட்டை நேயர்கள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இனி, 1918-ஆம் ஆண்டின் இன்புளுயன்சா என்னும் விஷக்காய்ச்சலைப் பார்ப்போம். அவ்வாண்டின் இடையில் பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக நம் நாட்டில் நுழைந்த அந்நோய், ஒரு கோடிக்கு மேற்பட்ட இந்தியரை வாரிக்கொண்டு சென்றது. குடிக்கணக்கு எடுக்கத் தொடங்கிய காலந்தொட்டு இந்திய மக்கள் தொகை ஒரு பத்தாண்டில் குறைந்து காணப்பட்டது 1911-க்கும் 1921-க்கும் இடைப்பட்ட அப்பத்தாண்டில் மட்டுமே என்றால், அதன் கொடுமையை வேறு எச்சொல்லால் விளக்குவது?

அதே நோய் அமெரிக்காவிற் பரவியபோது பெரும்பாலான நகரங்கள் பள்ளிகளை மூடின. நியூயார்க்கும் சிகாகோவும் மூடவில்லை. நியூயார்க் நகரச் சுகாதார ஆணையர் ராயல் கோப்லேண்டு என்பவர் பள்ளிகளைத் திறந்தே வைக்கத் துணிந்தார். அந்நகரத்து மாணாக்கர் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர். அவருட் பெரும்பாலோர் காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான அடுக்குக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர். அவ்வீட்டில் அடைபட்டுக் கிடப்பதினும், சன்னல்கள் திறந்த வகுப்பறையில், நாள்தோறும் காலையில் ஆசிரியரும் மருத்துவரும் சோதிக்கும் இடத்தில் இருப்பது குழந்தைக்கு நன்று என்பது அவர் கருத்து. 1908-ஆம் ஆண்டு முதல் நகரக் குழந்தை நலத் துறையைத் தலைமை தாங்கி நடத்திய ஜோசபின் பேக்கர் என்னும் மருத்துவ அம்மையாரும் அதனை ஆதரித்தார்.

மூடிய நகரங்கள் தவறின, மூடாத நகரம் வென்றது என்று யாம் கூற வரவில்லை. யாம் கூற வருவது வேறு. நியூயார்க்கு அவ்வாறு துணிந்தமைக்குக் காரணம், அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மருத்துவரும் செவிலியரும் பள்ளிகளிற் பழகியிருந்தமையே. அவ்வளம் இல்லாத ஊர்க்குப் பள்ளியை மூடுவதன்றி வேறு வழி காண்டல் அரிது. இருவேறு வழிகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் உரிமை, முன்னரே வளம் சேர்த்து வைத்தவர்க்கே கிட்டும் என்பது இதனாற் பெறப்படும்.

நிற்க. 1937-ஆம் ஆண்டு இளம்பிள்ளை வாதம் சிகாகோ நகரத்திற் பரவியது. இம்முறை அந்நகரம் பள்ளிகளைத் திறக்காமல் நிறுத்தி வைத்தது. ஆயின் கல்வியை நிறுத்தவில்லை. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் ஏறத்தாழ 3,15,000 குழந்தைகளுக்கு வானொலி வாயிலாகப் பாடம் நடத்தினர். அன்றன்றைய பாடக் குறிப்புகளைச் செய்தித்தாள்கள் வெளியிட்டன. ஐயம் கேட்க விரும்பிய பெற்றோர்க்குத் தொலைபேசியில் ஆசிரியர்கள் விடையிறுத்தனர். வியக்கத்தக்க முயற்சியே! எனினும் வானொலிப் பெட்டி இல்லாத வீட்டுக் குழந்தையும், ஒலி தெளிவாக எட்டாத பகுதியிலிருந்த குழந்தையும் அதன் பயனைப் பெறவில்லை. எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர் நம் நாட்டில் நாம் கண்டது இதனையே; வானொலிப் பெட்டியின் இடத்தில் கைப்பேசி வந்து நின்றது, அவ்வளவே வேறுபாடு.

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். இந்நாட்டில் பள்ளிக்கூடம் என்பது எழுத்தறிவிக்கும் இடம் மட்டுமன்று, அடுப்பெரியும் இடமுமாகும். 1920-ஆம் ஆண்டில், சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பகுதியிலுள்ள தன் பள்ளியில் மாணாக்கர்க்கு உணவளிக்க முடிவு செய்தது; தலைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமற் செலவிடலாம் என்பது ஏற்பாடு. காமராசர் 1956-ஆம் ஆண்டில் மதிய உணவை மாநிலம் எங்கும் பரப்பினார். 1982-ஆம் ஆண்டில் எம்.ஜி.இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். இவ்வாறு மூன்று தலைமுறையாகப் பசி நீக்கும் சாலையாகவும் விளங்கிய பள்ளி ஒருநாள் பூட்டப்படுமாயின், பூட்டப்படுவது புத்தகம் மட்டும் அன்று என்பதை எடுத்துக் கூறவும் வேண்டுமோ?

அந்நாளும் வந்தது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ஆம் நாள் முதல் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. பம்பாய்ப் பிளேக்கு நோயின்போது 1897-இல் இயற்றப்பெற்ற கொள்ளை நோய்ச் சட்டமே, நூற்றிருபத்து மூன்று ஆண்டுகட்குப் பின்னும் கைக்கருவியாய் எடுக்கப்பட்டது. பத்தாம் வகுப்புத் தேர்வு முதலில் தள்ளி வைக்கப்பட்டது. பின்னர் ஜூன் 1 என்றனர். பின்னர் ஜூன் 15 என்றனர். ஜூன் 9-ஆம் நாள் தேர்வே நீக்கப்பட்டது. ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட மாணாக்கர், காலாண்டு அரையாண்டு மதிப்பெண்களையும் வருகைப் பதிவையும் கொண்டு தேர்ச்சி பெற்றனர். நவம்பர் 16-இல் உயர்வகுப்புகள் திறக்கப்படும் என்ற அறிவிப்பு, பெற்றோர் கருத்துக் கேட்ட பின்னர்த் திரும்பப் பெறப்பட்டது.

2021 ஜனவரி 19-இல் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளும், பிப்ரவரி 8-இல் ஒன்பது, பதினோராம் வகுப்புகளும் திறந்தன. ஓர் அறையில் இருபத்தைந்து மாணாக்கர்க்கு மேல் இருத்தல் கூடாது என்பது விதி. மார்ச்சு 22-இல் பன்னிரண்டாம் வகுப்பு ஒழிய ஏனையவை மறுபடியும் மூடப்பட்டன. செப்டம்பர் 1-இல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையும், நவம்பர் 1-இல் ஒன்று முதல் எட்டு வரையும் திறக்கப்பட்டன. 2022 ஜனவரியில் மூன்றாம் அலையால் மீண்டும் கதவடைப்பு. பிப்ரவரி 1-இல் மீண்டும் திறப்பு. ஒன்றாம் வகுப்புக் குழந்தை பள்ளி வாசலை மிதியாமலே இரண்டாம் வகுப்புக்குச் சென்றது. அக்குழந்தைகட்கு அடைப்பு ஏறத்தாழ 19½ மாதம் நீடித்தது.

இவ்வளவு மாற்றம் ஏன்? முதியவர் வினாவுக்கு விடை இங்கே தொடங்குகின்றது. தொடக்கத்தில் நோய் பொருள்களைத் தொடுவதாலும், இருமுங்கால் தெறிக்கும் துளிகளாலும் பரவும் என்று பெரிதும் கருதினர். ஆதலின் மேசையைத் துடை, கையைக் கழுவு, விலகி நில் என்றனர். பின்னர், மூடிய அறையில் மிதக்கும் நுண்துளிகளாலும் பரவும் என்பது தெளிவாயிற்று. ஆதலின் சன்னலைத் திற, காற்றோட்டம் உண்டாக்கு என்றனர். அமெரிக்க நாட்டு நோய்த்தடுப்பு மையமும், வகுப்பறையில் ஆறடி இடைவெளி என்று முதலில் விதித்ததை, முகக்கவசம் அணிந்தார்க்கு மூன்றடி போதும் என்று 2021 மார்ச்சு 19-இல் மாற்றிற்று. தடுப்பூசி வந்தது, 2022 ஜனவரி 3 முதல் பதினைந்து வயது நிரம்பிய மாணாக்கர்க்கும் போடப்பட்டது. ஒரு மருத்துவர், முதல்நாள் கொடுத்த மருந்தை மூன்றாம் நாள் நாடி பார்த்து மாற்றுவாராயின் அவரைப் பொய்யர் என்போமோ? நோய்நிலை அறிந்து மாற்றினார் என்றே கொள்வோம். அன்றியும், மாறவே மாறாத விதியே அஞ்சத்தக்கது.

விதியின் செய்தி இது. வளத்தின் செய்தி யாது? அரசாங்கம் வாளா இருந்ததென்று கூறுவதற்கில்லை. 2019 ஆகஸ்டு மாதத்திலேயே தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பிற்று. சத்துணவுக்கு ஈடாக அரிசியும் பருப்பும் கொடுக்கப்பட்டன. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தோன்றியது. ஒன்று முதல் எட்டு வரை பயிலும் குழந்தைகட்கு, அவ்வவ்வூரைச் சேர்ந்த தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், மாலைநேரத்தில் ஒன்று ஒன்றரை மணி நேரம் தெருவிலும் திண்ணையிலும் பாடம் சொல்லிக் கொடுத்தனர். அவர்கட்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. இதன் பயனைக் கற்பனையாற் கூறவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், 2021 டிசம்பரில் குழந்தைகளின் கணக்கறிவும் மொழியறிவும் பெரிதும் பின்தங்கியிருந்ததையும், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அக்குறையில் மூன்றில் இரண்டு பங்கு நீங்கியதையும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இம்மாலை வகுப்புகளால் விளைந்ததையும் கண்டறிந்தனர். தெருத் திண்ணையில் அமர்ந்த ஒரு பெண்ணின் உழைப்பு இவ்வளவு செய்ததென்றால், வளம் என்பது பெருங்கட்டடம் அன்று, பரிவுள்ள ஒரு மனிதரே என்பது புலனாகும்.

ஆயினும் அத்திண்ணைக்கு வந்து சேராத பிள்ளைகளும் உண்டு. அவருள் ஒருவனைப் பற்றி ஈண்டு எழுத வேண்டியுள்ளது. பெயர் கூறோம், அவன் நம் சமூகத்துப் பிள்ளை, எம் மாணாக்கன். செய்யுளை ஒருமுறை கேட்டால் பிழையின்றி ஒப்பிப்பான்; அவன் கையெழுத்து அச்செழுத்தை ஒக்கும். 2020 மார்ச்சில் எட்டாம் வகுப்பிலிருந்தான். வீட்டில் ஒரே கைப்பேசி. அதனைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுவார். 2021 பிப்ரவரியில் ஒன்பதாம் வகுப்புத் திறந்தபோது முதல்நாளே வந்து முதல் வரிசையில் அமர்ந்தான். ஆறு வாரம் ஒருநாளும் தவறவில்லை. மார்ச்சு 22-இல் கதவு அடைத்தது. மே மாதத்தில் அவன் தாய் நோயுற்றாள். மருந்துக்காகத் தந்தை மளிகைக் கடையில் பன்னிரண்டாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கினார். அக்கடனுக்குப் பிள்ளையின் உழைப்பே ஈடு. செப்டம்பர் 1-இல் பள்ளி திறந்தபோது அவன் பலகை வெறுமையாக இருந்தது. எல்லாரும் தேர்ச்சி என்ற பதிவேட்டில் அவன் பெயர் பத்தாம் வகுப்பில் ஏறியிருந்தது. அவன் மட்டும் ஏறவில்லை.

யாம் அவன் வீட்டுக்குச் சென்றது அக்டோபரில். மார்ச்சுக்கும் அக்டோபருக்கும் இடையே ஒருமுறையேனும் சென்றிருத்தல் வேண்டும். நோய்க்கு அஞ்சினோம் என்பது உண்மை. பதிவேட்டில் பெயர் இருக்கக் கண்டு அமைதி கொண்டோம் என்பதும் உண்மை. இக்குற்றம் எம்முடையது.

அவன் பொருட்டு நம் சங்கத்தின் உபகாரச் சம்பள நிதியை நாடினோம். நிதியிற் பணம் இருந்தது. ஆயின் நம் விதிப்படி, முந்தைய ஆண்டு இறுதித் தேர்வின் மதிப்பெண் பட்டியல் இணைத்தாலன்றி விண்ணப்பம் ஏற்கப்படாது. 2020-இலும் 2021-இலும் அவ்வகுப்புக்கு இறுதித் தேர்வே நடக்கவில்லை. பட்டியலுக்கு எங்கே போவது? அதனால் அவ்விரண்டாண்டும் அத்தொகையின் பெரும்பகுதி வங்கியிலேயே உறங்கிற்று. சங்கத்துத் திருமண மண்டபமோ, எட்டுப் பெரிய சன்னல்களும் தண்ணீர்க் குழாய்களும் உடையது, பூட்டியே கிடந்தது. அதன் எதிரிலுள்ள வேப்பமரத்தடியில் தன்னார்வலப் பெண்மணி ஒருவர் இருபது குழந்தைகளை வைத்துக்கொண்டு, மழை வந்தால் கலைவதும் வெயில் வந்தால் கூடுவதுமாக இருந்தார். மண்டபத்தைத் திறந்துவிட வேண்டும் என்று கேட்க எமக்கும் தோன்றவில்லை, கொடுக்க எவர்க்கும் தோன்றவில்லை.

அன்பர்காள்! அரசாங்கத்தின் விதிகள் மாறிக்கொண்டே இருந்தன என்று குறை கூறுகின்றோம். நம்முடைய விதியோ மாறவே இல்லை. உலகம் முழுவதும் தேர்வின்றி நின்ற காலத்தும், மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவா என்று ஏழைப் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டே இருந்தது. முதியவர் வினாவுக்கு எம் விடை இதுவே: மாறிய விதியால் அப்பிள்ளையின் கல்வி தடைப்பட்டது மெய், ஆனால் அது தொடராமற் போனது மாறாத விதியாலும், பூட்டிய பணத்தாலும், பூட்டிய மண்டபத்தாலுமே. பன்னிரண்டாயிரம் ரூபாய் நம் சங்கத்துக்குப் பெருந்தொகையன்று.

சென்றதனைப் பேசி இரங்குவதாற் பயனில்லை. கொள்ளை நோய் மீண்டும் வாராதென்று எவரும் உறுதி கூறவியலாது. ஆதலின், வெள்ளம் வருமுன் கரை உயர்த்தும் உழவரைப் போல, இப்பொழுதே செய்யத்தக்கன நான்கினை நிர்வாக சபையின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, உபகாரச் சம்பள விதியைத் திருத்துதல் வேண்டும். தேர்வு நடைபெறாத ஆண்டில், தலைமையாசிரியர் தரும் சான்றே போதும் என்று சேர்த்தல் வேண்டும். நோயாலோ கடனாலோ படிப்பு நின்றுபோகும் பிள்ளைக்கு உடனே உதவத் தனித்தொகை ஒதுக்குதல் வேண்டும்.

இரண்டாவது, பள்ளி மூடப்படும் காலத்தில் மண்டபம் கல்விக்காகத் திறக்கப்படும் என்று தீர்மானம் நிறைவேற்றுதல் வேண்டும். அதன் சன்னல்கள் திருமண நாளுக்கு மட்டும் உரியன அல்ல.

மூன்றாவது, தெருவுக்கு ஒருவராக உறுப்பினர் பொறுப்பேற்று, பள்ளிசெல்லும் வயதுப் பிள்ளைகளின் பட்டியலை ஆண்டுதோறும் எழுதுதல் வேண்டும்; நம் சமூகத்துப் பிள்ளைகளை மட்டுமன்றி, அத்தெருவிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் எழுதுதல் வேண்டும். நோய் சாதி பார்த்து வருவதில்லை. எந்தப் பலகை வெறுமையாயிற்று என்பது ஒரு வாரத்துக்குள் நமக்குத் தெரிதல் வேண்டும். எமக்கு நேர்ந்ததுபோல் ஏழு மாதம் கழித்தன்று.

நான்காவது, நம் ஊர்ப் பள்ளிகளில் திறவாத சன்னல்களையும் ஒழுகும் குழாய்களையும் செப்பம் செய்யச் சங்கம் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை உதவுதல் வேண்டும். காற்றும் நீரும் கொள்ளை நோய்க் காலத்துக்கு மட்டும் அன்றி எக்காலத்துக்கும் மருந்தாவன.

2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரந்தது. கொள்ளை நோயிற் கற்ற பாடத்தை நாடு மறந்துவிடவில்லை என்று அதனைக் கண்டு மகிழ்ந்தோம். நம் சங்கமும் மறவாதிருத்தல் வேண்டும்.

அம்மாணாக்கன் இன்று வளர்ந்த வாலிபன், அக்கடையிலேயே கணக்கெழுதுகின்றான். சென்ற திங்கள் அரிசி வாங்கச் சென்றபோது எமக்கு அவன் எழுதிக் கொடுத்த சீட்டை வீட்டில் வைத்திருக்கின்றோம். கையெழுத்து அன்றிருந்தபடியே இருக்கின்றது. அவன் தங்கை இவ்வாண்டு பத்தாம் வகுப்பிற் பயில்கின்றாள். அவள் விண்ணப்பம் நிர்வாக சபைக்கு வரும்போது, விதியைப் பார்ப்பதற்கு முன் அச்சிறுமியின் முகத்தைப் பார்க்குமாறு உறுப்பினர் அனைவரையும் வணங்கி வேண்டிக்கொள்கின்றோம்.